படிக்காமல் போட்ட சைபர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் வணக்கம்.

நாலு பெண்கள், இரண்டு ஆண்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் தலைமை ஆசிரியை போன வாரம் என்னை அழைத்து, வகுப்பறையில் படைப்பாற்றலையும் புதுமையையும் வளர்ப்பது எப்படி என்று என் அனுபவத்திலிருந்து நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார். பயிற்சி நாளில் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்களாம். மூன்று முறை மறுத்தேன். நாலாவது முறை சரி என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது. தாராவியில் முப்பத்தொரு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்குப் படைப்பாற்றல் பற்றிச் சொல்ல எத்தனை விஷயம் இருக்கிறது என்று உட்கார்ந்து எண்ணினேன். ஒன்று இருக்கிறது. அதில் நான் செய்ததை வளர்ப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் என்னிடம் இருப்பது அதுதான்.

எண்ணுவது என் பழக்கம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிக்கு மூன்று மாடி, அறுபத்தாறு படி. ஏழாம் வகுப்பில் நாலு மின்விசிறி, என் காலத்தில் ஓடியது இரண்டு. கட்டுரை திருத்தும்போதும் அப்படித்தான். ஒரு பிழைக்கு அரை மதிப்பெண். நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ஆபீஸ் உத்தியோகம். எங்கள் வீட்டில் பேசிய தமிழ்தான் தமிழ் என்று ஒரு நினைப்பு எனக்கு. தாராவிப் பிள்ளைகள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். 'சொல்கிறாள்' என்பதை 'சொல்லுதா' என்று ஒரு பிள்ளை எழுதினால் அரை போகும். 'வந்தீர்கள்' என்பதை 'வந்தீய' என்றால் இன்னொரு அரை. ஒன்றுமே எழுதாமல் வெற்றுத்தாள் கொடுத்தால் சைபர் போட மாட்டேன், சின்னக் கோடு போடுவேன். எழுதியும் தேறாததற்குத்தான் சைபர். முப்பத்தொரு வருஷத்தில் இந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் மாற்றியதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குப் பதினோரு மாதம் இருந்தபோது நடந்தது இது. தொற்றுக் காலத்தில் மூடிய பள்ளிகள் திறந்து, பிள்ளைகள் திரும்பி வந்திருந்தார்கள். ஏழாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். அந்த ஜூனில் புதிதாக வந்தவள் பேச்சியம்மாள். அதுவரை கோவண்டியில் இந்தி வழியில் படித்தவள். குடும்பம் தாராவிக்கு வீடு மாறியதால், பக்கத்தில் இருக்கிற பள்ளி என்று நம்மிடம் சேர்த்தார்கள். மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்காருவாள். தமிழ் எழுத்தை எழுதுவது அவளுக்குச் செங்கல் அடுக்குவது மாதிரி. முப்பது வார்த்தை சொல்வதெழுதுதலில் இருபத்தேழு தப்பு.

அப்போது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. படைப்பாற்றல் வாரம் கொண்டாட வேண்டும், வகுப்புக்கு ஒரு கட்டுரை தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். தலைப்பு 'நான் கண்டுபிடித்த ஒன்று'. திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன்.

"கைடைப் பாத்து எழுதாதீங்க. எப்படி வேணாலும் எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, புதுசா எழுதுங்க, அது போதும்."

'எப்படி வேணாலும்' என்று மூன்று முறை சொன்னேன். அந்த நினைவு எனக்குத் தெளிவாக இருக்கிறது.

புதன்கிழமை சாயங்காலம் செம்பூர் வீட்டில், டீ குடித்துவிட்டு, நாற்பத்தொரு நோட்டையும் மேஜையில் அடுக்கினேன். முப்பத்தாறு பேர் மின்விளக்கையும் விமானத்தையும் கண்டுபிடித்தவர்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். முப்பத்தாறும் ஒரே கைடு. ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. இரண்டு பேர் செல்போனின் நன்மை தீமை. இரண்டு வெற்றுத்தாள், இரண்டு கோடு. மிச்சம் ஒன்று பேச்சியுடையது.

அது முழுக்க இந்தி எழுத்தில் இருந்தது. இருபத்தாறு வரி.

எனக்கு வந்த கோபத்தை உங்களால் கற்பனை செய்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன். தமிழ் வகுப்பு, தமிழ் வாத்தியார், தமிழ்க் கட்டுரை, ஒரு பெண் இரண்டு பக்கம் இந்தியில் எழுதிக் கொடுக்கிறாள். எழுத்தும் சுத்தமாக இல்லை. சில எழுத்துகளின் அடியில் மை வழிந்தது மாதிரி சின்னச் சின்னச் சுழி. எண்ணினேன், எட்டு. எட்டையும் சிவப்பில் வட்டமிட்டேன். 'தமிழ் வகுப்பில் இந்தி எழுதாதே. கையெழுத்தில் சுத்தம் தேவை' என்று எழுதி, ஒரு சைபர் போட்டு, நோட்டை மூடினேன்.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அந்த எழுத்து தெரியும். இந்த ஊரிலேயே பிறந்தவன். ஸ்டேஷன் பலகை, கரண்ட் பில், கட்டிடச் சங்க நோட்டீஸ் எல்லாம் அந்த எழுத்தில்தான் படிக்கிறேன். அந்த நோட்டில் முதல் சொல்லைக்கூட நான் கூட்டிப் பார்க்கவில்லை. எழுத்தைக் கண்டதும் மொழியும் அதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். வரியை எண்ணினேன், சுழியை எண்ணினேன். படிக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் அம்மாவை வரச் சொன்னேன். இசக்கியம்மாள். பதிமூணாம் காம்பவுண்டில் ஒரு கோடவுனில் பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற வேலை. கை கழுவிய ஈரத்தோடு வந்து நின்றார். பேச்சி கதவோரம் நின்றாள்.

"உங்க பொண்ணுக்குத் தமிழ் எழுத வரலைம்மா. இந்தி வழியில சேர்த்துடுங்க, அவளுக்கு அதுதான் வசதி" என்றேன்.

"அது எங்க சார் இருக்கு?"

"இந்தி வழி இங்க அஞ்சு வரைக்கும்தான். ஏழாவதுன்னா ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் போகணும்."

"ரெண்டு சிக்னல் தாண்டி, பாலம் ஏறி எறங்கணும். நான் காலைல ஏழு மணிக்கு கோடவுன்ல நிக்கணும். அவ அப்பா பூனால கேன்டீன்ல கெடக்காரு. யாரு சார் கூட்டிட்டுப் போவா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "புள்ளைக்குத் தமிழே வரலன்னா சொல்லுதீய? வீட்டுல இவ வாய அடைக்க ஆளு போடணும்" என்றார்.

"பேசறது வேற, எழுதறது வேறம்மா."

"அப்பச் சரி. எல்சியக் குடுத்துருங்க. மான்குர்த்துல எந் தங்கச்சிக்குக் கைப்புள்ள. அவளும் வேலைக்குத் திரும்பணும்னு நிக்கா. இவ போயிப் புள்ளையப் பாத்துக்கிடட்டும். அடுத்த வருஷம் பாப்போம்."

எல்சி என்றால் பள்ளியை விட்டுப் போகிற சான்றிதழ். அது கையில் வந்துவிட்டால் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. 'அடுத்த வருஷம் பாப்போம்' என்று சொல்லி அழைத்துப் போன பெண் பிள்ளைகள் என் சர்வீஸில் பதினேழு பேர். திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எல்சிக்கான படிவத்தில் எழுதினேன்: 'தமிழில் எழுதும் திறன் இல்லை. வேறு பயிற்று மொழிக்கு மாற்றப் பரிந்துரைக்கிறேன்.' கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை எல்சி தருவதாகச் சொன்னேன்.

வெளியே போகும்போது பேச்சி திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், படிச்சீயளா?"

"பார்த்தேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை படிவத்தை மறுபடி சரிபார்த்தேன். ஒரு கட்டம் காலியாக இருந்தது. பிற மொழித் திறன். அதற்கு இந்தி ஆசிரியையின் கையெழுத்து வேண்டும். அவர் மராத்திக்காரர். எங்கள் பள்ளிக் கட்டிடத்தில் எல்லோரும் அவரைப் பாயி என்றுதான் கூப்பிடுவோம், மராத்திப் பள்ளிகளில் டீச்சரை அழைப்பது போல. தமிழில் அவருக்கு 'வணக்கம்', 'இட்லி' தவிர ஒன்றும் தெரியாது. நாங்கள் பேசிக்கொள்வது இந்தியில், இங்கே தமிழில் தருகிறேன்.

"பாயி, இந்தப் பெண்ணுக்கு இந்தி நன்றாக வரும், கையெழுத்துப் போடுங்கள். சாட்சி வேண்டுமென்றால் இதோ, இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள்" என்று நோட்டை நீட்டினேன்.

பாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். புருவம் சுருங்கியது.

"சார், இது இந்தி இல்லை."

"மராத்தியா?"

"மராத்தியும் இல்லை. எழுத்து எங்களுடையது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை." பிறகு டெலிபோன் எண்ணைப் படிப்பது போல ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். "எங் கம்மைக்கு... காதுதான்... கண்ணு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"பிளாஸ்டிக்க தூக்கித் தரையில போட்டா... சத்தத்த வச்சே... இது எந்தச் சாக்குக்குப் போவணும்னு... சொல்லிருவா. இது என்ன பாஷை சார்? குஜராத்தியா?"

"படியுங்கள் பாயி" என்றேன்.

பாயி படித்தார். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அந்த மராத்திக் குரலில் திருநெல்வேலித் தமிழ் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. நம் எழுத்தில் ஒரே 'க'வை வைத்துக்கொண்டு நாலு விதமாகப் படிக்கிறோம். அந்தப் பெண் ஒவ்வொரு சத்தத்துக்கும் சரியான எழுத்தைப் போட்டிருந்தாள். அதனால் இசக்கியம்மாளே ஆசிரியர் அறையில் நின்று பேசுவது போல இருந்தது. நான் பிறகு பல முறை படித்த கட்டுரை, அதனால் இங்கே தர முடிகிறது:

'எங்கம்மைக்குக் காதுதான் கண்ணு. பிளாஸ்டிக்கத் தூக்கித் தரையில போட்டா, சத்தத்த வச்சே இது எந்தச் சாக்குக்குப் போவணும்னு சொல்லிருவா. பால் கேன் விழுந்தா தொப்புங்கும். அதுக்கு வயிறு நெறஞ்சிருக்கு. சி.டி. டப்பா விழுந்தா சிலிங்குங்கும். அதுக்குக் கோவம் ஜாஸ்தி, ஒடனே ஒடஞ்சிரும். ஆனா பக்கத்துல அரைக்குத மிஷின் ஓடும்போது ஒண்ணும் கேக்காது. சாக்கு மாறிரும். சேட்டு ஏசுவாரு. அம்ம ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் ஒரு நாளு ஒரு தகரத்தக் கழுவிக் கொண்டு போயி கீழ போட்டேன். அம்மைய செருப்பக் கழத்திட்டு ஒரு கால அதுல வைக்கச் சொன்னேன். பிளாஸ்டிக்க அந்தத் தகரத்துல போட்டா சத்தம் கால் வழியா ஏறும். தொப்பு வேற மாதிரி ஏறும், சிலிங்கு வேற மாதிரி ஏறும். இப்போ மிஷின் ஓடுனாலும் சாக்கு மாறாது. எங்கம்ம காலால கேக்குதா. இதுதான் நான் கண்டுபிடிச்ச ஒண்ணு.'

இடையில் பாயி நிறுத்தி ஒரு எழுத்தைக் காட்டினார். "இது என்ன? 'ள'வுக்குக் கீழே ஒரு சுழி. இப்படி ஒரு எழுத்தே எங்களிடம் கிடையாது. நீங்கள் வேறு சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறீர்கள்."

நான் குனிந்து பார்த்தேன். 'விழுந்தா' என்ற சொல். இன்னொரு வட்டம், 'கழுவி'. இன்னொன்று, 'கழத்திட்டு'.

அது ழகரம். இந்தி எழுத்தில் 'ழ' கிடையாது. அந்தப் பெண் தானே ஒன்றை உருவாக்கியிருக்கிறாள். எட்டு இடத்திலும் ஒரே மாதிரி, ஒரு இடத்தில்கூட மாறவில்லை. மை வழிந்தது என்று நினைத்தேன் அல்லவா, அதுதான். நாற்பத்தொரு நோட்டில் புதிதாக இருந்தது அது ஒன்றுதான். எட்டு முறையும் தேடிப் பிடித்து நான் வட்டமிட்டிருக்கிறேன்.

கடைசி வரியைப் பாயி படித்தார்: "எனக்குத் தமிழ்... தெரியும்... சார். எழுத்துதான்... இன்னும்... வரல." நிமிர்ந்து, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

பாயி என் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "உங்கள் அடுத்த இரண்டு பீரியடை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கே போக வேண்டுமோ போங்கள்" என்றார். படிவத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை.

அறுபத்தாறு படியை எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. எண்ணாமல் இறங்கியது அன்று ஒரு நாள்தான். பதிமூணாம் காம்பவுண்டில் கோடவுனைத் தேடிப் பிடிக்க அரை மணி ஆனது. உள்ளே அரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காதில் பஞ்சு வைத்தாலும் தலைக்குள் நுழைகிற சத்தம். மூலையில் இசக்கியம்மாள் முக்காலியில் உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். போட்ட மறுகணமே எடுத்து ஒரு சாக்கில் எறிவார். பார்க்கக்கூட இல்லை. இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாக ஒரு தகரத்தின் மேல் இருந்தது.

காதால் கேட்டதை இப்போது கண்ணால் பார்த்தேன். ரத்த அழுத்த மாத்திரை காலையில் போட்டேனா என்று ஒரு பயம் வந்தது.

அவரை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். பேச்சிக்கு எழுதத் தெரியும், நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன், எல்சி வேண்டாம், திங்கட்கிழமை அனுப்புங்கள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து வரலன்னீய. இன்னைக்கு வருதுங்கீய. ஒரு ராத்திரில படிச்சிட்டாளாக்கும்?"

"அவ எங்க?"

"காலைல ஆறு மணிக்கே அவ சித்தப்பன் வந்து கூட்டிட்டுப் போயாச்சு. சட்ட துணிமணியெல்லாம் போயாச்சு."

"வாங்க, போய்க் கூட்டிட்டு வரலாம்."

"நீங்க நெனச்சா அனுப்பணும், நெனச்சா கூப்பிடணும். எம் மவ என்ன பார்சலா சார்?" என்றார். சொல்லிவிட்டு, சேட்டிடம் போய் ஏதோ பேசிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

சயானில் ஏறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் பிடித்தோம். குர்லாவிலிருந்து மான்குர்த் நாலாவது ஸ்டேஷன். மத்தியானம், பெட்டியில் கூட்டம் இல்லை. இசக்கியம்மாள் எதிரில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்து, "உங்க பொண்ணு எழுதினது, படிக்கிறேன், கேளுங்க" என்று ஆரம்பித்தேன். பாயியை விட மெதுவாகத்தான் எனக்குப் படிக்க வந்தது. செம்பூர் வந்தது. என் ஸ்டேஷன். வண்டி அங்கே நிற்கும்போது நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவை. கோவண்டி வரும்போது கட்டுரை முடிந்தது.

"சி.டி. டப்பாவுக்கு என்ன எழுதிருக்கா?" என்று கேட்டார் இசக்கியம்மாள்.

"சிலிங்."

"தப்பு. அது கிணிங்குல்லா. சிலிங்குங்கது கட்டிங் டீ கிளாசு, அது பிளாஸ்டிக்கே இல்ல." கொஞ்ச நேரம் உதட்டை அசைத்து அந்தச் சத்தங்களைத் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பால் கேன் சரியா எழுதிட்டா. வயிறு நெறஞ்சிருக்குன்னு. அது நாஞ் சொன்னதில்ல, அவளாச் சொன்னது."

வண்டி மறுபடி கிளம்பியது. அவர் என் மடியிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவருக்கும் தெரிகிற ஒரு எழுத்து அந்தப் பக்கத்தில் இருந்தது. சிவப்பில், பெரிதாக.

"இதுக்கா சார் முட்ட போட்டீய?"

மான்குர்த் வந்தது. நோட்டை மூடிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன்.

தங்கை வீடு ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. பேச்சி வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து மாதக் குழந்தை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அம்ம, நான் ஒண்ணும் செய்யல."

"ஏட்டி, ஒன்னைய யாரும் ஏசல. சார் என்னமோ கேக்கணுங்காரு."

நான் நோட்டைத் திறந்து, சிவப்பு வட்டத்துக்குள் இருந்த சுழியைக் காட்டினேன். "இது என்ன பேச்சி?"

"ழானா சார்."

"எப்படி இப்படிப் போடணும்னு தோணுச்சு?"

"நீங்கதான சார் தெனமும் சொல்லுவீய, நாக்க மடி, நாக்க மடின்னு. மடிச்சிருக்கேன்."

அந்தச் சுழி, மடித்த நாக்கு. பக்கவாட்டில் பார்த்தால் அப்படியே இருந்தது. முப்பத்தொரு வருஷம் நான் வகுப்புதோறும் கத்திய ஒரு வாக்கியத்தை ஒரே ஒரு பிள்ளை காதில் வாங்கி, படமாக வரைந்து, எழுத்தின் அடியில் தொங்கவிட்டிருக்கிறாள்.

"இப்போ படிச்சீயளா சார்?" என்று கேட்டாள்.

"முதல்ல பாயிதான் படிச்சாங்க. நான் கேட்டேன். அப்புறம் வர வழியில நானே படிச்சேன்."

"பாயிக்குப் புரிஞ்சுதா?"

"இல்லை."

பேச்சி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "பாயிக்குப் படிக்கத் தெரியும், புரியாது. அம்மைக்குப் புரியும், படிக்கத் தெரியாது. ஒங்களுக்கு ரெண்டும் தெரியும்லா சார்."

குற்றம் சொல்லுகிற குரல் இல்லை அது. அவள் அம்மா பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பது போலத்தான் எங்கள் மூன்று பேரையும் மூன்று சாக்கில் பிரித்தாள். என்னை ஒரு தனிச் சாக்கில் போட்டாள். அந்தச் சாக்கில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

உள்ளேயிருந்து தங்கை வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அப்ப எம் புள்ளைய யாரு பாத்துக்கிடுவா அக்கா? திங்கக்கெழமை நான் வேலைக்குப் போலன்னா வேற ஆளு வச்சிருவாங்க" என்றார். நியாயமான கேள்வி. இசக்கியம்மாள்தான் சொன்னார்: "ஒம் மாமியாரு ஊர்ல சும்மாத்தான இருக்கா, வரச் சொல்லு. வார வரைக்கும் நான் புள்ளைய கோடவுனுக்குத் தூக்கிட்டுப் போறேன். தகரத்துல ஒரு கால வச்சா அதுவும் ஒறங்கிரும்." தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. துணிமூட்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் போட்ட ஒரு சைபரால் அந்த வீட்டில் இரண்டு நாளில் இரண்டு முறை ஏற்பாடு மாறியது.

சனிக்கிழமை காலை தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். அப்போது இருந்தவர் வேறொருவர், நல்ல மனுஷி. நடந்ததைச் சொன்னேன். என் பரிந்துரை வியாழக்கிழமையே பள்ளிப் பதிவேட்டில் ஏறியிருந்தது.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். 'பெற்றோர் வேண்டுகோளின்படி ரத்து'ன்னு எழுதிடுங்க. முடிஞ்சுது" என்றார்.

பேனாவை எடுத்தேன். சுலபமான வழி. யாருக்கும் நஷ்டம் இல்லை. ஓய்வு பெறப் பதினோரு மாதம். என் பணிப் பதிவேட்டில் அதுவரை ஒரு கரும்புள்ளி கிடையாது. ஒவ்வொரு வருஷமும் அதைச் சரிபார்த்து வைத்திருப்பவன் நான். 'பெற்றோர்' என்று எழுதினேன். அந்தச் சொல்லில் நின்றேன். இசக்கியம்மாள் எதையும் வேண்டவில்லை. நான் சொன்னதால் அனுப்பினார், நான் சொன்னதால் கூட்டிவந்தார். அப்படி எழுதினால், 'தமிழில் எழுதும் திறன் இல்லை' என்ற என் வரி அப்படியே நிற்கும். அடுத்த வருஷம் அந்தப் பதிவேட்டைப் பார்க்கிற வாத்தியார் அதை நம்புவார். நானே நம்பியிருப்பேன்.

அந்தச் சொல்லை அடித்துவிட்டு எழுதினேன்: 'இம்மாணவிக்குத் தமிழில் எழுதும் திறன் உண்டு. நான் இவருடைய கட்டுரையைப் படிக்காமல் மதிப்பெண் இட்டேன். என் பரிந்துரை தவறானது.'

தலைமை ஆசிரியை இரண்டு முறை படித்தார். "இது உங்க ரிப்போர்ட்ல ஏறும் சார்."

"ஏறட்டும்" என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஓய்வூதியக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டுரையை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினேன், அவள் செய்த எழுத்துக்கு ஒரு விளக்கமும் சேர்த்து. இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. மூலையில் ஒரு குறிப்பு: 'மொழி பொருந்தவில்லை.' சிவப்பு மை. யாரோ என்னைப் போல ஒருவர்.

பேச்சியிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். முதலில் எந்த எழுத்து வருகிறதோ அதில் எழுதட்டும். பிறகு அதையே தமிழ் எழுத்தில் மாற்றி எழுதட்டும். தீபாவளிக்குள் மாற்றி எழுதுவது நின்றுவிட்டது, நேராகவே வந்தது. 'சொல்லுதா' என்று எழுதினால் நான் அரை மதிப்பெண்ணைப் பிடிக்கவில்லை. அந்தச் சைபரை அடித்துவிட்டு வேறு மதிப்பெண் போடுகிறேன், நோட்டைக் கொண்டு வா என்று கேட்டேன். "வேண்டாம் சார், அம்ம அதப் பத்திரமா வச்சிருக்கா" என்றாள். எதற்கு என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது பதினோராம் வகுப்பில் இருக்கிறாள். தங்கையின் வேலை என்ன ஆனது என்று நான் விசாரிக்கவே இல்லை. அதுவும் என் கணக்கில் இருக்கிறது.

நீங்கள் ஆறு பேரும் வழிமுறை ஏதாவது எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் ஒன்றுதான் உண்டு, பாயியிடம் கற்றது. நோட்டைத் திறந்ததும் முதல் ஐந்து வரியை வாய்விட்டுப் படியுங்கள். புரியாவிட்டாலும் படியுங்கள். அதுவரை சிவப்புப் பேனாவின் மூடி மூடியே இருக்கட்டும். புதிதாக ஒன்று வரும்போது அது பிழை மாதிரியேதான் இருக்கும். கண்ணுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று, முடித்துவிடுகிறேன். என் சொந்த மதிப்பெண் டயரிகள் வருஷத்துக்கு ஒன்றாக முப்பத்தொன்று, குளியலறைக்கு மேலே பரணில் கிடந்தன. ஓய்வு பெற்ற பிறகு அவற்றை இறக்கினேன். நாலு மத்தியானம் உட்கார்ந்து, கோடுகளை விட்டுவிட்டுச் சைபர்களை மட்டும் எண்ணினேன். பிழை வந்திருக்கக் கூடாது என்று இரண்டாவது முறையும் எண்ணினேன்.

நூற்று அறுபத்து மூன்று. வெற்றுத்தாளுக்கு நான் கோடுதான் போடுவேன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். அப்படியென்றால் அந்த நூற்று அறுபத்து மூன்று பேரும் ஏதோ எழுதியிருக்கிறார்கள்.

அதில் ஒன்றைத்தான் நான் படித்திருக்கிறேன்.